அவள் ஓதாமல் படுத்த மாலை

பஸ் மண்முனைப் பாலத்தில் ஏறும்போது, எனக்கு முன் சீட்டில் ஆடைத் தொழிற்சாலை வேலை முடிந்து வந்த இரண்டு பெண்கள் களைத்துப்போய் இருந்தார்கள்.

“எங்கட கிளாஸில எல்லாருக்கும் பல்லு விழுதுகா. எனக்கு மட்டுந்தான் விழல்ல,” என்றாள் முக்காடு போட்டிருந்தவள்.

மற்றவள் சிரித்தாள். “சின்னப் புள்ளயளோடயா குர்ஆன் படிக்கிறாய்?”

“ஓம், போனிலதான். இஸ்லாத்துக்கு வந்து ஒரு வருசம், இன்னும் எழுத்துக் கூட்டுறன். ஏழு வயசுப் புள்ள என்னைத் திருத்துது. வேலையால வந்து படிக்க ஏலாதுகா. விடப்போறன்.”

“விடன். ஆரு கேக்கப்போறா?”

“முந்தாநாள் விட்டுப் பாத்தன். போனை நிப்பாட்டிப்போட்டுப் படுத்திட்டன். அம்மா தீப்பெட்டியோட வாசலில வந்து நிண்டா.”

“ஏசினாவா?”

“இல்லகா. நான் ஓதி முடியுமட்டும் அவ சாமிக்கு விளக்கு வெக்கிறல்லையாம், மணி அடிக்கிறல்லையாம். எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. ‘இண்டைக்கு ஓதல்லையா புள்ள? பொழுதுபட்டுப் போச்சு, கெதியா ஓதி முடி’ எண்டா.”

“மறுகா?”

“மறுகா என்ன, எழும்பிப் போனை எடுத்தன்.”