பவுலிங் கூடத்துப் புகை

— அந்தப் பேனாவைக் கீழ வை, நெல்டா. பேர் எழுதாதே.

— எழுதியாச்சு, கார்லண்ட். நாலாவது பேர் என்னோடது. ஊர்க்காரங்க யார் வேணும்னாலும் சபையில மூணு நிமிஷம் பேசலாம்னு உங்க நகராட்சிச் சுவத்துலயே ஒட்டியிருக்கு. மேயர் வந்து தடுப்பார்னு ஒட்டலையே?

— யார் தடுக்கிறா? அப்படி ஓரமா வந்து பேசுங்கிறேன். ஊரே பார்க்குது.

— பார்க்கட்டும். மொத்தமே எண்ணூறு பேர். அதுல பாதி உன் பவுலிங் கூடத்துல உக்காந்து இருமிட்டுக் கிடக்கு.

— ஆரம்பிச்சிட்டியா?

— நீ மேயரான நாள்லேருந்து என்ன பாட்டு பாடினே? "நான் என்ன செய்யட்டும் நெல்டா, புகைக்குத் தடை போடற அதிகாரம் தலைநகரத்துல இருக்கு, எங்க கையைக் கட்டிப் போட்டுட்டாங்க." போன மாசம் அவுத்து விட்டுட்டாங்கல்ல? அந்தந்த ஊரே முடிவு பண்ணிக்கோன்னுட்டாங்கல்ல? இப்ப என்ன சாக்கு?

— சாக்கு இல்ல. பொழப்பு. வெள்ளிக்கிழமை பந்தை உருட்டிக் கட்டையைச் சாய்க்க வர்றவன் ஒரு கையில பந்து, ஒரு கையில சிகரெட். தடை போட்டா பக்கத்து ஊருக்கு வண்டியைத் திருப்பிடுவான்.

— பசங்க ஊதுதுங்களே, அந்த மின் சிகரெட்? அது கூடவா பொழப்பு?

— அது வெறும் ஆவி. மாம்பழ வாசனை.

— உன் மூக்குக்கு மாம்பழம். என் மக ஜோலினுக்கு மூச்சுத் திணறல். ஏழு மாசக் கர்ப்பிணி, ஷூ எடுத்துக் கொடுக்கற கவுண்டர்ல எட்டு மணி நேரம் நிக்கிறா.

— வேற வேலை பார்க்கச் சொல்லேன்.

— எங்க? கோழித் தொழிற்சாலையை மூடி வருஷம் ரெண்டாச்சு. வாய்க்கு வந்ததைப் பேசாதே! ஏப்ரல்ல சூறாவளிச் சங்கு ஊதினப்ப கைக்குழந்தைங்களைத் தூக்கிட்டு எல்லாரும் எங்க ஓடினோம்? உன் கூடத்து நிலவறைக்கு. அங்கயும் உன் ஆளுங்க பத்த வெச்சாங்க. வெளிய நின்னா காத்து கொல்லும், உள்ள இருந்தா புகை கொல்லும். என்ன ஊரோ இது!

— பயத்துல பத்த வெச்சாங்க.

— என் புருஷன் ராய் எந்தப் பயத்துல செத்தான்? ஒரு நாள் வாயில வெச்சதில்ல அவன். பதினெட்டு வருஷம் உங்கப்பா கூடத்துல, கூடத்துக் கடைசியில அந்த இருட்டுல, விழுந்த கட்டையை நிமிர்த்தி வைக்கிற இயந்திரத்தைப் பழுது பார்த்தான். ஐம்பத்தோரு வயசுல நுரையீரல் போச்சு. தினம் எத்தனை பாக்கெட்னு கேட்டார் டாக்டர். ஒண்ணுகூட இல்லைன்னு அழுதேன். நம்பலை.

— ராயை இழுக்காதே. அவன் சவப்பெட்டியைத் தூக்கினவன் நான்.

— தூக்கினே. இறக்கி வெச்ச கையோட ஒண்ணு பத்த வெச்சே. பார்த்துட்டுத்தான் இருந்தேன்.

— சரி, நீயா வாங்கிக் கட்டிக்கிறே. இந்தக் காகிதம் என்னன்னு தெரியுதா? அப்பா அலமாரியில கிடந்தது. சிகரெட் கம்பெனி ஆள் ஒருத்தன் வந்து ஊருக்கே கெளுத்தி மீன் வறுத்துப் போட்டானே, அன்னைக்கு வாங்கின மனு. "புகைக்குத் தடை போடற அதிகாரம் எங்களுக்கு வேணாம், தலைநகரமே வெச்சுக்கட்டும்." கட்டுங்கன்னு கையை நீட்டினதே நாமதான். பதினேழாவது கையெழுத்தைப் படி.

— ராய் ப்ரூயிட்.

— நீ மைக் பக்கம் போ, இதை நான் சபையில வாசிக்கிறேன். புருஷன் கேட்டு வாங்கினதுக்குப் பொண்டாட்டி வந்து ஊரைத் திட்டறாளேன்னு சிரிப்பாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். பேரை அடிச்சிடு.

— நீ வாசிக்க வேணாம், கார்லண்ட். என் மூணு நிமிஷத்துல முதல் நிமிஷமே அதுதான்.

— என்னது?

— அந்த மனுவை மேசை மேசையா எடுத்துட்டுப் போனது யாருன்னு மறந்துட்டியா? மீன் பரிமாற வந்த நான்தான். கையெழுத்து வாங்கலைன்னா கூடத்தை மூடிடுவோம்னு உங்கப்பா சொன்னார். அப்ப ஜோலின் என் வயித்துல.

— நெல்டா...

— ராய் மாட்டேன்னான். "உள்ள மூச்சு முட்டுது நெல்டா, என்னால போட முடியாது"ன்னு தட்டைத் தள்ளி வெச்சுட்டு எழுந்தான். பொறக்கப் போறதுக்குப் பால் யார் வாங்குவான்னு கத்தி, அவனை இழுத்து உக்கார வெச்சு, விரலுக்குள்ள பேனாவைத் திணிச்சவ நான்.