தாகத்தில் சத்தம் போடும் தக்காளிச் செடி

கொரட்டூரில் ரயிலேறிய அக்காவும் தங்கையும் என் எதிரே உட்கார்ந்தார்கள். இருவருக்கும் ஐம்பதுக்கு மேல் இருக்கும்.

"தண்ணி இல்லேன்னா தக்காளிச் செடி சத்தம் போடுமாம்க்கா," என்றார் தங்கை. "எம் பொண்ணு காலேஜ்ல மைக்கு வெச்சிப் புடிச்சிகீறாங்க. கம்ப்யூட்டர்ல போட்டா டிக்டிக்குன்னு கேக்குது. நம்ம காதுக்குத்தான் எட்டாதாம்."

அக்கா தங்கை பக்கம் திரும்பிக் கேட்டார்:

"வேப்பம்பட்டுல நம்ம கெணறு வத்துன வருஷம் தோட்டம் பூரா தக்காளிதானே போட்டிருந்தோம்?"

"ஆமாக்கா. ஏரிலேர்ந்து கொடத்துல தூக்கியாந்து ஊத்துனோமே. கை ஓஞ்சி, நான்தான் மொதல்ல போதும்னுட்டேன்."

அக்கா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளை, உனுக்குக் கேக்கல. கேட்டிருந்தா கொடத்தைக் கீழயே வெச்சிருக்க மாட்டே, பள்ளிக்கூடத்துக்கே போயிருக்க மாட்டே."