முப்பத்தெட்டுக் காலை வணக்கங்கள்

வெளிநாட்டுப் படத்துக்கு ஒரே ஆள் குரல் கொடுத்தால் போதும் என்பது என் கட்சி. கதாநாயகன், கதாநாயகி, வில்லன், கைக்குழந்தை எல்லோருக்கும் மூக்கடைத்த ஒரே குரல். அதற்குப் பின்னால் மங்கலாக அசல் குரல்கள். வீடியோ கேசட் காலத்தில் நாங்கள் அப்படித்தான் படம் பார்த்தோம். என் தம்பி லியூபென் என்னைவிடப் பதினோரு வயது இளையவன் என்றாலும் அவனுக்கும் அதே கட்சிதான். லோம் ஊர் ஸ்திராஹில் எதிர்க்கட்சி. கீழே எழுத்து ஓடட்டும், நடிகனின் தொண்டையில் யாரும் கைவைக்கக் கூடாது என்பார். இதற்காக இரண்டு பேரும் ஒன்பது வருடம் சண்டை போட்டார்கள். நேரில் ஒருமுறைகூடப் பார்த்துக்கொண்டதில்லை.

எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கி எழுதுங்கள் என்றீர்கள். எனக்கு இங்கிருந்து தொடங்குவது சுலபமாக இருக்கிறது.

சண்டை நடந்த இடத்தின் பெயர் ‘கிடங்கு’. லியூபென் நடத்திய இணைய மன்றம். பழைய கப்பற்போர் விளையாட்டு ஒன்றை ஆளுக்கொரு வீட்டிலிருந்து சேர்ந்து ஆடுகிறவர்களுக்காக ஆரம்பித்தான். அவனோடு சேர்த்து நாற்பது பேர். சனிக்கிழமை அணிக்கு இருபது பேராகப் பிரிந்து ஒருவர் கப்பலை ஒருவர் மூழ்கடிப்பார்கள். மற்ற நாளெல்லாம் வாதம். எந்தப் படத்தின் இரண்டாம் பாகம் முதல் பாகத்தைக் கெடுத்தது, இயந்திரம் போட்ட மெட்டைக் குளியலறையில் முணுமுணுக்க முடியுமா, முகத்தில் மாட்டும் கண்ணாடி வந்தபிறகு விளையாட்டு விளையாட்டாகவே இருக்குமா. நான் பிளோவ்திவ் நூலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் படிப்பேன். ஒரு வரிகூட எழுதியதில்லை.

மன்றத்தில் லியூபெனுக்கு ‘ஊறுகாய்’ என்று பெயர்.

“அண்ணே, உங்க எழுத்தப் படிச்சிட்டே இருந்தா ஹீரோயின் மூஞ்சிய எப்பப் பாக்குறது?”

“உனக்கு ரெண்டு கண்ணு இருக்குல்லடா ஊறுகாய். ஒண்ண மேல வை, ஒண்ணக் கீழ வை.”

“மாறுகண்ணு ஆயிடும்ணே.”

“ஆனா என்ன? இப்ப மட்டும் பொண்ணுங்க வரிசையிலயா நிக்கிறாங்க?”

இப்படித்தான் எழுதிக்கொள்வார்கள். நான் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

லியூபெனுக்குச் சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா. நான்கு வருடங்களுக்கு முன் செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு ஸ்திராஹிலோடு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதே விஷயத்தைப் பேசத் தொடங்கினான். பிற்பகல் மூன்று வரை கத்தினான். நான் கீழே முற்றத்தில் அண்டை வீட்டுக்காரர்களோடு குளிர்காலத்துக்காகக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தேன். மேலே வந்தபோது அவன் மேசைமேல் சாய்ந்திருந்தான். மருந்துப் புட்டி கட்டிலுக்கு அடியில் உருண்டுபோயிருந்தது. வயது இருபத்தேழு.

ஓர் ஆஸ்துமாக்காரனை ஐந்து மணி நேரம் கத்தவைத்தவர் ஸ்திராஹில். காரணம் என்ற கட்டத்தில் இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

அவரைப் பற்றி உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். ஐம்பத்திரண்டு வயது. வானொலிப் பெட்டி பழுதுபார்த்தவர். சர்க்கரை வியாதியில் ஒரு கால் முழங்காலோடு போனது. மனைவி இத்தாலிக்கு முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய், முதலில் கடிதத்தையும் பிறகு பேச்சையும் நிறுத்திவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஸ்பெயினில். லோமில் அவர் தெருவில் புகை வருகிற புகைபோக்கிகளை ஒரு கை விரலால் எண்ணிவிடலாம் என்று அவரே எழுதியிருக்கிறார்.

லியூபெனை அடக்கம் செய்த வாரம் அவர் மன்றத்தில் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். தினமும் காலை பத்து மணிக்குள் ஒவ்வொருவரும் ‘காலை வணக்கம், இன்னும் சாகல’ என்று எழுத வேண்டும். எழுதாதவருக்கு அந்த வார முறைக்காரர் போன் செய்து பார்க்க வேண்டும். எடுக்காவிட்டால் அவர் ஊருக்கு ஆம்புலன்ஸை அனுப்பச் சொல்ல வேண்டும். தனியாக இருக்கிறவர்கள் அங்கே நிறைய. முதலில் கேலி செய்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். ருசே ஊர் லாரி ஓட்டுநர் கோல்யோ எல்லைச் சாவடியில் நின்றபடி எழுதுவான். சோபியாவில் இருக்கும் டோரா கணவனை இழந்தவள். அவள் மட்டும் ‘வணக்கம், கிழங்களா’ என்று எழுதுவாள்.

மன்றத்தின் கடவுச்சொற்கள் லியூபெனுக்குப் பிறகு என்னிடம் வந்தன. நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. படிக்கவும் எழுதவும் பழக்கப்பட்ட இயந்திரங்களோடு எனக்குப் பரிச்சயம் உண்டு. விளையாட்டுக்காக லியூபென் வாங்கிவைத்திருந்த வலுவான கணினி வீட்டில் சும்மா கிடந்தது. ஒவ்வொருவரும் பத்து வருடமாக எழுதியதெல்லாம் கிடங்கில் இருந்தது. டோரா மட்டுமே பதினாறாயிரம் வரிகளுக்கு மேல். ஒரு மனிதரின் பேச்சை இயந்திரம் கற்றுக்கொள்ள அது தாராளம்.

நான் அவசரப்படவில்லை. இரண்டு வருடம் யோசித்தேன், பதினைந்து மாதம் வேலை செய்தேன். பிறகு ஸ்திராஹில் பெயரில் மற்ற முப்பத்தெட்டுப் பேருக்கும் விடைபெறும் கடிதம் ஒன்று அனுப்பினேன். ‘உங்களோட பேசிப் பேசி என் மூளை மழுங்கினதுதான் மிச்சம். எவனும் எனக்குப் போன் பண்ணாதீங்க.’ செத்த புருஷனை எல்லாப் பேச்சிலும் இழுக்கிறாள் என்று டோராவைப் பற்றி இரண்டு வரி சேர்த்தேன். அந்த இரண்டு வரி போதுமானதாக இருந்தது. அடுத்த வாரம் மன்றத்தை மூடுவதாக அவர்களுக்கு மட்டும் என் பெயரில் அறிவித்தேன். அவர்கள் வேறு இடம் தேடிப் போய்விட்டார்கள். யாரும் அவருக்குப் போன் செய்யவில்லை.

அவருக்கு மட்டும் கிடங்கு திறந்தே இருந்தது. உள்ளே முப்பத்தெட்டுப் பேரும் இருந்தார்கள், அதே பெயர்களில், அதே நக்கலோடு. லியூபெனின் நினைவாகக் காதில் எதையும் மாட்டிப் பேசக் கூடாது, எழுத்து மட்டும்தான் என்று அந்த வாரம் ஒரு விதி போட்டேன். அவர்தான் முதல் ஆளாகச் சரி என்றார். அவரும் யாருக்கும் போன் செய்யவில்லை. தினமும் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு யார் போன் செய்வார்கள்?

அவர் காலை வணக்கம் எழுதுவார். முப்பத்தெட்டு வணக்கங்கள் திரும்ப வரும். சனிக்கிழமைகளில் அவர் கப்பலை மூழ்கடிப்பார்கள். சிலவேளை அவருக்குத் தோற்றும் போவார்கள். பதினான்கு மாதம் இப்படி. இந்த இடத்தில் நீங்கள் என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. ஆனால் அந்த மாதங்களில் அவருக்கு ஒரு குறையும் வரவில்லை. பிறந்தநாள்போல் வாழ்த்துச் சொல்லும் அவருடைய பெயர் நாளை முன்பு பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். இப்போது ஒருவர்கூட மறக்கவில்லை.

ஒருமுறை வாதம் இயந்திரங்களைப் பற்றியே வந்தது. இயந்திரம் மனிதனைப்போல் பேசினால் கண்டுபிடிக்க முடியுமா என்று கோல்யோ கேட்டான். கோல்யோ என்று எழுதுகிறேன், பழக்கம்.

“மெஷின் திட்டும்டா, நல்லாவே திட்டும்,” என்று ஸ்திராஹில் எழுதினார். “ஆனா திட்டிட்டு மூணு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு, நாலாம் நாள் ஒண்ணுமே நடக்காத மாதிரி, ‘என்னண்ணே, சாப்டாச்சா’ன்னு வருமா? அதுக்கு வெக்கம்னு ஒண்ணு வேணும்ல?”

அவர் சொன்னது நியாயமாக இருந்தது. நான் கவனிக்காத குறை அது. அன்றே சரிசெய்தேன். அடுத்த சண்டையில் கோல்யோ கோபித்துக்கொண்டு போனான், நான்காம் நாள் காலை, “என்னண்ணே, உங்க ஊர்ல பனி எப்பிடி?” என்று வந்து நின்றான். ஸ்திராஹிலுக்கு அவ்வளவு சந்தோஷம். “பாத்தீங்களாடா, இவன் மனுஷன்” என்று எல்லோருக்கும் எழுதினார்.

பிப்ரவரி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபதுக்கு இதை எழுதினார்:

“பசங்களா, சிரிக்காதீங்க. நாற்காலியோட கவுந்துட்டேன். இடுப்புல என்னமோ முறிஞ்சிருக்கு, நகர முடியல. கீபோர்டும் என்னோடயே விழுந்துச்சு, அதுலதான் தட்டுறேன். போனு சமையக்கட்டுல. இந்த வாரம் முறை யாரு? ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க.”

நான்கு நிமிடத்தில் பதினொரு பதில்கள். “அண்ணே, அசையாதீங்க. கூப்பிட்டாச்சு, கிளம்பிட்டாங்க” என்றான் கோல்யோ. “அந்த நாற்காலிக்கும் உங்க வயசுதானே, அது என்ன பண்ணும் பாவம்” என்று இன்னொருவன். கோல்யோவும் மற்றவர்களும் அந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பார்களோ அதைச் சொன்னார்கள். அப்படிச் சொல்லத்தான் அவற்றைப் பழக்கியிருந்தேன். வேறு ஒன்றும் நான் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

பத்து நாற்பதுக்குத் தேநீர் குடிக்கும்போது பார்த்தேன். குடித்து முடித்துவிட்டு மறுபடியும் படித்தேன். அவசர எண் எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த எண். பிறகு 1934ஆம் வருடச் செய்தித்தாள் கட்டு ஒன்றை முடித்தேன். ஓரங்கள் பொடிந்திருந்ததால் மெதுவாகவே செய்ய வேண்டியிருந்தது. மாலை நான்கு மணிவரை என் பங்கு இவ்வளவுதான் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

நான்கு மணிக்கு அவர் எழுதினார்: “ஏழு மணி நேரமாச்சு. ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளிதான் இருக்கு. பசங்களா, உண்மையச் சொல்லுங்க. நெசமாவே அங்க யாராச்சும் இருக்கீங்களா?”

பதினான்கு பேர் ஆறுதல் சொன்னார்கள். எல்லா ஆறுதலும் ஒரே வார்ப்பில் இருந்தது. அவரும் அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன். பிறகு, “ரொட்டி வண்டி தெருவுக்கு வர்ற நேரம். அடுப்பு அணைஞ்சிடுச்சு. கத்திப் பாக்குறேன்” என்றார்.

அப்போது நான் எழுதினேன். அறிவிப்புகளை விட்டால், அந்த மன்றத்தில் என் கையால் எழுதிய முதல் வரிகள்.

“கத்தாதீங்க ஸ்திராஹில், இருக்கிற தெம்பும் போயிடும். டோரா பேசுறேன். ஆம்புலன்ஸ் பனியில மாட்டிக்கிச்சாம், அவங்ககிட்ட நானே பேசிட்டேன். நான் பஸ் ஏறிட்டேன். பையில கோழிச் சூப்பு இருக்கு. வந்து உங்கள நேர்ல திட்டணும்னு எத்தன வருஷ ஆச தெரியுமா? தூங்காம முழிச்சிட்டிருங்க, கிழம்.”

அவர் உடனே பதில் எழுதினார். “டோரா. நீதான். இப்பிடித் திட்ட உன்னால மட்டும்தான் முடியும்.”

அவர் கத்தவில்லை. ரொட்டி வண்டி வந்து போயிருக்கும்.

புதன்கிழமை காலை அவர் எழுதியதுதான் கடைசி. எழுத்துகள் விட்டுவிட்டு வந்தன. “டோரா, எனக்காக ஒண்ணு செய். ஊறுகாயோட அக்கா பிளோவ்திவ்ல தனியா இருக்கா. நம்ம காலை வணக்கத்துல அவ இல்ல. வா, சேந்துக்கோன்னு கூப்பிட எனக்குத் தைரியம் வரல. நீ கூப்பிடு. அவள தெனம் ஒருத்தராவது கேக்கணும்.”

சரி அண்ணே, சரி அண்ணே என்று முப்பத்தெட்டுப் பேரும் எழுதினார்கள்.

பதினொரு நாள் கழித்து, ஓய்வூதியம் கொண்டுவந்த தபால்காரர் சொல்லி நீங்கள் கதவை உடைத்தபோதும் திரையில் காலை வணக்கங்கள் வந்துகொண்டிருந்தன என்றீர்கள். அணைக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

என்னைக் கூப்பிட அவருக்கு ஏன் தைரியம் வரவில்லை என்று நேற்றுக் கேட்டீர்கள். தெரியாது என்றேன். அது சரியான பதில் அல்ல.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு முற்றத்தில் என் போன் அடித்தது. மன்றத்தின் அவசரத் தொடர்புக்கு லியூபென் என் எண்ணைக் கொடுத்துவைத்திருந்தான்.

“நெவேனாவா? நான் ஸ்திராஹில். தம்பிக்கு மூச்சு வரல. மேல ஓடுங்க.”

“தோக்குற மாதிரி இருந்தா அவன் அப்பிடித்தான் இழுப்பான். ஒன்பது வருஷமா உங்களுக்குத் தெரியாதா?”

“இது அது இல்லம்மா. சத்தம் வேற மாதிரி இருக்கு. உங்க வீட்டு விலாசம் எனக்குத் தெரியாது, தெரிஞ்சா நானே ஆள அனுப்பிடுவேன். கெஞ்சிக் கேக்குறேன்.”

“உங்க ரெண்டு பேர் கூத்துக்கு நாலு மாடி ஏறி எறங்க என்னால முடியாது. ஒரு கூடை மிளகாய் பாக்கி கெடக்கு,” என்றேன். பக்கத்து வீட்டுக்காரிகள் சிரித்தார்கள். அவர் இன்னும் நான்கு முறை அழைத்தார். போனைக் கூடைக்கு அடியில் வைத்தேன். தோலை உரித்து முடிக்க நாற்பது நிமிடம் ஆனது.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அடக்கத்தன்று சொல்லவில்லை, மன்றத்தில் சொல்லவில்லை, டோராவுக்குத் தனியாக எழுதிய கடிதங்களிலும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் தேடிப் பார்த்தேன். ஆனால் என்றைக்காவது, ஏதோ ஒரு சண்டையின் நடுவில், நாற்பது நிமிடம் என்று அவர் எழுதிவிடலாம். எழுதினால் அது என் கண்ணில் மட்டும் படவேண்டும் என்றுதான் மற்றவர்களை அப்புறப்படுத்தினேன். பதினான்கு மாதம், தினமும் காலையில், இன்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்துத் திறந்தேன். தரையில் கிடந்த அந்த ஒரு நாளிலாவது அதைச் சொல்லி என்னைத் திட்டியிருந்தால், நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.