குளத்துக்கு நான் போட்ட தீனி

"குளத்தைச் சுத்திக் கம்பி போடுங்கோன்னு ஆறு மாசமா நானும்—"

"போட்டா தாமரையே தெரியாது, கோமளம். இதென்ன, சத்தியாக்கிரகக்காராளை அடைக்கற ஜெயிலா—"

"நீரஜா நடக்க ஆரம்பிச்சுட்டா, அண்ணா. ஒரு நிமிஷம் கண் அசந்தா—"

"பெத்தவள் நீ எதுக்கு இருக்கே, கண் அசர?"

அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டேன். சத்தம் போட்டுப் பேசுகிற வழக்கம் எனக்கில்லை, இன்ஸ்பெக்டர்வாள். ஆத்துக்காரர் காலமான பிறகு என்னையும் குழந்தையையும் இந்த மயிலாப்பூர் வீட்டில் வைத்துக் காப்பாற்றியவர் அண்ணா ஸ்ரீனிவாசராகவன்தான். அந்த நன்றி இருந்தது.

நாலாம் நாள் நீரஜா குளத்தில் மிதந்தாள். மறுநாள் காலையில் அண்ணா கேட்டார்: "மீனுக்குப் பொரி போட்டாச்சோ?"

போட்டேன். அன்றிலிருந்து ஒரு வேளைகூடத் தவறவில்லை. பொரியோடு அரிசி களைந்த கழுநீர், ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு, மாட்டுக்கொட்டில் கழுவின தண்ணீர், ரோஜாச் செடிக்கென்று அண்ணா வரவழைத்த சீமை உரம். விஷம் ஒரு சொட்டு இல்லை. எல்லாம் உயிரை வளர்க்கிற வஸ்துதான்.

தண்ணீர் பச்சையாயிற்று. பிறகு பாசி. விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒரு நாள் அத்தனையும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. பக்கத்து வீட்டுக் காலேஜ் வாத்தியார் ராஜகோபாலன் வந்து பார்த்தார். "தீனி ஜாஸ்தியானா பாசி கொழுத்துடும், மாமி. அது அழுகறச்சே தண்ணியில இருக்கற பிராணவாயுவைத் தின்னுடும். மூச்சு முட்டித்தான் செத்திருக்கு" என்றார்.

அண்ணா அன்று சாப்பிடவில்லை. நீரஜா போன அன்று சாப்பிட்டார்.

அதனால் நான் தீனியை நிறுத்தவில்லை. அண்ணாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிக்கொண்டிருந்தது. மங்கலாகத் தெரிகிற பளபளப்பை வைத்துத்தான் எது தண்ணீர், எது தரை என்று கண்டுகொள்வார். எனக்கு அது தெரியும். ஆடி மாசத்துக்குள் ஓர் இடத்திலும் தண்ணீர் பளபளக்கவில்லை. புல்லுக்கும் பாசிக்கும் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. தோட்டக்காரன் வாரி எடுக்கட்டுமா என்று இரண்டு தரம் கேட்டான். அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

அண்ணா போனதை விபத்து என்று எழுதிக்கொண்டு போனீர்கள். திருத்திக்கொள்ளுங்கள். அன்று காலையில் அண்ணா தடியை ஊன்றிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். "கோமளம், குளம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"அது இன்னும் வலப்பக்கம் தள்ளி இருக்கு, அண்ணா. நீங்க புல்லிலதான் நிக்கறேள். நேரே வாங்கோ" என்றேன்.

நான் தள்ளவில்லை. தொடவே இல்லை. இரண்டு ஆள் ஆழம். பாசி வாங்கிக்கொண்டதால் விழுந்த சத்தம்கூடப் பெரிதாக இல்லை. ஒரு தரம் மேலே வந்தார். முகமெல்லாம் பச்சை. நான் கரையில் இரண்டடி தள்ளி நின்றேன். கையை நீட்டினால் எட்டும். அவர் என் பக்கம்தான் திரும்பினார்.

"கோமளம், அங்கேதானே இருக்கே?"