ஐம்பத்தெட்டு கிலோ

— மாடிப்படி அடியில ஒளிஞ்சிட்டா ஆச்சா? பெல் அடிச்சு எவ்ளோ நேரமாச்சு, கிளாஸ்ல உன்னத் தேடறாங்கடி.

— தேடட்டும், லீடரம்மா.

— பி.டி. மிஸ் சொன்னத மனசுல வச்சுக்காத. அவங்க வாய் அப்படித்தான். எனக்கும்தான் விழுந்துச்சு. 'ஊதினா பறந்துருவ, நீயெல்லாம் லீடரா'ன்னாங்க.

— எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கு நீயும் சிரிச்ச.

— அது வேற.

— ஆமா. வேற.

— அழுதியா?

— இல்ல. ஒண்ணுமே வரல. எடை மெஷினப் பார்த்து அறுபதுன்னு கத்தினாங்க. பழைய கார்டப் பார்த்தாங்க. 'ஆறு மாசத்துல ரெண்டு கிலோ போட்டிருக்கியே, வீட்டுல வேற வேலையே இல்லையா'ன்னாங்க. யாரையோ சொல்ற மாதிரி இருந்துச்சு. எறங்கி வந்து ஷூவ மாட்டிக்கிட்டேன். அவ்வளவுதான்.

— பின் பெஞ்சுப் பசங்க ஏதாவது சொன்னாங்களா?

— போன தடவைலேருந்து ஐம்பத்தெட்டுதான் என் பேரு. இனிமே அறுபது. விடு.

— சத்தியமா, அவனுங்க வாயக் கிழிக்கணும்!

— விடுன்னேன்ல. ஒண்ணு கேக்கறேன், சொல்லு. காலைல நான் சாப்பிடறதில்ல. மதியம் டப்பாவ அப்படியே தங்கச்சிகிட்டக் குடுத்துடறேன். ஆறு மாசமா. ஸ்கர்ட் இடுப்புல நிக்க மாட்டேங்குது. இங்க பாரு, ரெண்டு ஊக்கு. அப்புறம் எப்படி ஏறுச்சு?

— ஆறு மாசமாவா? எங்கிட்ட வயித்து வலின்னுதானே சொன்ன!

— சொன்னேன்.

— அம்மாவுக்குத் தெரியுமா?

— அவங்க டியூட்டி முடிஞ்சு வர்றதுக்குள்ள நான் தூங்கிடுவேன். நர்ஸாச்சே, ஆஸ்பத்திரில மத்த எல்லாருக்கும் எடை பார்ப்பாங்க.

— நேத்துகூட படி ஏறும்போது கண்ணு இருட்டுதுன்னு சொன்னியே. பாவி, பாவி.

— துணிதான் தொய்ஞ்சு போச்சுன்னு நெனச்சுக்கறேன். மெஷின் எதுக்குப் பொய் சொல்லப் போகுது?

— மெஷின் சொல்லல. நான்தான் சொன்னேன்.

— என்ன?

— போன தடவை மிஸ் போன் பேச வெளிய போயிட்டாங்கல்ல? அந்தப் பழைய மெஷின்ல நான்தானே முள்ளப் பார்த்துச் சத்தமாப் படிச்சு, கார்டுல எழுதினேன். நீ கண்ண இறுக்கி மூடிட்டு நின்ன. முள்ளு அறுபத்தி நாலுல நின்னுச்சுடி. பசங்க காதத் தீட்டிட்டு நின்னாங்க. எனக்கு அதச் சொல்ல மனசு வரல. ஐம்பத்தெட்டுன்னுட்டேன். சத்தியமா, உனக்கு நல்லது பண்றேன்னுதான் நெனச்சேன்.

— அறுபத்தி நாலு.

— இப்பவே மிஸ்கிட்டப் போய் ஒத்துக்கறேன். லீடர் வேலையப் புடுங்கட்டும், போகட்டும். நீ ஏறவே இல்லடி, எறங்கித்தான் இருக்க. ஏன் இப்படிப் பார்க்கற? திட்டேன், ரெண்டு அடி வேணா போடு. வா, மொதல்ல கேன்டீன் போலாம். எதையாவது வாயில போடு.

— அப்போ நாலு கிலோ குறைஞ்சிருக்கேன்.

— ஆமாடி, ஆமா!

— அப்போ பலன் இருக்கு. அடுத்த தடவைக்கு இன்னும் ஆறு மாசம் இருக்குல்ல?