நாற்பத்தொன்றாம் எண்

என் இரண்டு கண்களும் சாட்சி, வாயில் மிச்சமிருக்கும் பதினான்கு பற்களும் சாட்சி: நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. டீக்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை.

தாமாக மூச்சுவிட முடியாதவர்கள் வீட்டில் வைத்துக்கொள்ளும் மூச்சு இயந்திரத்தை எங்கள் நிறுவனம் செய்கிறது. அதற்குள் ஓடும் கெர்னல், அதாவது மென்பொருளின் அடித்தளம், முப்பத்தொரு வருடமாக என் கையில். பெரிய வித்தை என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் நிறைந்த வீட்டில் காலையில் ஒவ்வொருவராகத் தட்டி எழுப்புகிற வேலைதான். இயந்திரத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் அதை இயக்குகிற ஒரு குட்டி மென்பொருள், டிரைவர் என்போம், உண்டு. எல்லாம் தூங்குமூஞ்சிகள். சுவிட்சைப் போட்டதும் கெர்னல் அவற்றை எண் வரிசைப்படி எழுப்பும். கடிகாரம் முதல் ஆள். காற்றழுத்தம் பார்க்கும் சென்சார் நாற்பத்திரண்டு. அலாரம் நாற்பத்துமூன்று.

அலாரம் எழுந்ததும் ஒரு 'பீப்' போட்டுத் தொண்டையைச் சரிபார்த்துக்கொள்ளும். பிறகு சென்சாரைத் தேடும். இருந்தால் அதோடு கை கோத்துக்கொள்ளும்; குழாய் கழன்று அழுத்தம் குறைந்தால் தெருவே எழுந்துவிடும்படி அலறும். சென்சார் இல்லையென்றால், இது சென்சாரே வைக்காத விலை குறைந்த மாடல் போலிருக்கிறது என்று முடிவு செய்து, யாரிடமும் முறையிடாமல் போய்ப் படுத்துக்கொள்ளும். இரண்டு மாடலுக்கும் ஒரே மென்பொருள் என்பதால் இந்த அடக்க ஒடுக்கத்தை அதற்குப் பழக்கியவனும் நானே.

இனி மச்சான். என் மனைவியின் அண்ணன். நல்ல மனிதர், கையில் இருப்பதைக் கொடுத்துவிடுவார். ஒரே ஒரு பழக்கம். நான் கதை சொல்ல ஆரம்பித்தால் முடிவை முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். என் கதைகளைப் பற்றி நானே பெருமையடித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தில் கதவுப் பூட்டுக்கு முன்னால் மோட்டார் எழுந்துகொண்டு, அது குதித்துக் குதித்து வீட்டைவிட்டு வெளியேறி, மூன்று தெரு தாண்டி, போலீஸ்காரர் கைகாட்டியதும் மரியாதையாக நின்ற கதை இருக்கிறதே, அதற்கு நான் நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்வேன். முப்பது உறவினர்கள் வாய் பிளந்து உட்கார்ந்திருந்த கூடத்தில், போலீஸ்காரர் மூடியைத் திறக்கப்போகும் நேரத்தில், மச்சான் மூலையிலிருந்து கேட்டார்:

"உள்ள எதிர்வீட்டு நாய் இருந்துச்சு, அதானே மாப்ளே?"

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இப்படி இருபத்தாறு வருடம், ஏறக்குறைய நூற்றுத் தொண்ணூறு கதைகள். எதற்கும் ஒரு வரிசை உண்டு என்பதுதான் என் பிழைப்பே. முடிவு கடைசியில் வரவேண்டும். அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது.

போன வருடம் அவருக்குத் தசைகள் தளரும் நோய் வந்தது. கை கால் போயிற்று, பிறகு மூச்சுத் தசையும் போயிற்று. எங்கள் வீட்டுப் பின்னறையில் கட்டில் போட்டோம். எங்கள் நிறுவனத்து இயந்திரத்தையே வைத்தோம். முகமூடியைப் போட்டபடியே பேசுவார். என் மனைவியிடம் நான் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் பின்னறையிலிருந்து முடிவு வரும்.

மார்ச் மாதத்தில் அலாரத்தின் நாற்பத்துமூன்றை அழித்து நாற்பத்தொன்று என்று போட்டேன். அந்த எண் காலியாகத்தான் கிடந்தது. அப்புறம் அலாரம் எழும்போது சென்சார் தூங்கிக்கொண்டிருக்கும். 'பீப்' கேட்கும். அதற்குமேல் ஒன்றும் கேட்காது.

மச்சானுக்கு மட்டும் தனி மென்பொருள் செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அது முறைகேடு. எல்லா இயந்திரத்துக்கும் ஒரே மென்பொருள் என்பது எங்கள் விதி. பணிக்காலத்தில் நான் ஒரு விதியையும் மீறியதில்லை. ஆகவே ஆயிரத்து அறுநூறு இயந்திரங்களுக்கும் அனுப்பினேன். நெட் வழியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை சுவிட்சைப் போடும்போது புது வரிசையில் எழும்.

வரிசையில் கை வைத்தால் இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தரவேண்டும். பார்த்தது 'சல்லடை'. அந்தப் பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. குப்பை எதுவும் அவளைத் தாண்டாது.

"அலாரத்த ஏன் சார் முன்னாடி கொண்டுபோறீங்க?" என்றாள்.

"ஆபத்துன்னா முதல்ல முழிச்சிருக்க வேண்டியது யாரும்மா? அலாரம்தானே."

அவள் பேனாவைக் கடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். "போட்டுப் பாத்தீங்களா? சத்தம் வந்துச்சா?"

"நீயே கேளு" என்று மேசையிலிருந்த இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டேன். 'பீப்' வந்தது. "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒப்புதல் கொடுத்தாள். அன்றைக்கு அவளுக்கு நாற்பது வேலை. பாவம்.

ஏப்ரலில் ஒரு பள்ளி ஆசிரியை. மே மாதத்தில் ஒரு தையற்காரர். இரண்டு பேரும் தூங்கும்போது மட்டும் இயந்திரம் போட்டுக்கொள்கிறவர்கள், தினமும் சுவிட்ச் போடுகிறவர்கள். குழாய் கழன்றிருக்கிறது. அவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆசிரியையின் மகன் அலுவலகத்துக்கு வந்து வரவேற்பறையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தான். நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு கதை சொல்லலாமா என்றுகூட நினைத்தேன், கேட்கிற மனநிலையில் அவன் இல்லை.

ஜூன் ஒன்பது. மதியம் மூன்று மணி. மனைவி மாத்திரை வாங்கப் போயிருந்தாள். மச்சானின் குழாய் முகமூடியிலிருந்து நழுவியது. பழைய குழாய், அடிக்கடி அப்படி ஆகும். நான் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு கதை சொன்னேன். பதினொரு வருடமாக யாரிடமும் சொல்லாமல் பொத்தி வைத்திருந்த கதை. அவசரப்படவில்லை. நடுவில் அவர் கண்ணைப் பார்த்தேன். முடிவு அவருக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. ஆனால் சொல்லவில்லை. முதன்முறையாக ஒரு கதையை அவர் முன்னால் கடைசி வரைக்கும் சொல்லி முடித்தேன்.

இப்போது நானாக வந்து ஏன் சொல்கிறேன் என்றால், விசாரணையில் எல்லாவற்றையும் சல்லடையின் கவனக்குறைவு என்று எழுதப் போகிறீர்களாம். வேலையும் போய்விட்டது, ஜெயிலுக்கும் போவாள் என்கிறார்கள். அது நியாயமில்லை. அந்த நாற்பத்தொன்று என் கைவேலை. என் கைவேலையை இன்னொருவர் பெயரில் போட நான் விடமாட்டேன்.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மச்சானை நான் தொடவில்லை. அறை அவ்வளவு அமைதியாக இருந்தது. அலாரம் மட்டும் அடித்திருந்தால் நானே குழாயைச் செருகியிருப்பேன். மணி அலற அலறப் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. வரிசை மாறியது, வரிசை தன் வேலையைச் செய்தது. மச்சான் கதை அவ்வளவுதான்.

அந்த இயந்திரம் இல்லாமல் அவருக்கு ஒரு நிமிடம்கூடத் தாங்காது என்பதால் பிப்ரவரிக்குப் பிறகு அதை ஒருமுறைகூட அணைத்துப் போடவில்லை என்றும், ஜூன் ஒன்பதாம் தேதி மூன்று பத்திலிருந்து மூன்று முப்பத்தொன்று வரை அதன் அலாரம் விடாமல் அடித்ததாக அதன் பதிவிலேயே இருக்கிறது என்றும் உங்கள் நிபுணர் எழுதியிருக்கிறார்.