இடம் மாறும் பக்கவாதம்

— கையை ஆட்டாதே. உனக்குப் பக்கவாதம்.

— கொசு கடிக்குது, அக்கா.

— பக்கவாதக்காரன் பேசாம கடி வாங்குவான். நீயும் வாங்கு.

— என்னால முடியலை. சத்தியமா முடியலை. நான் இந்த முதியோர் இல்லத்துக்கு வாட்ச்மேனா வந்தவன்.

— வந்து? பன்னிரண்டு கட்டில், ஒரே ஒரு நோயாளி. அதுவும் நீ. எதைக் காவல் காக்கப் போறே?

— வேற வேலை தேடிக்கிறேன். பெரியம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடலாம்.

— சொல்லேன். கடைசிப் பெரியவரை மகன் வந்து கூட்டிட்டுப் போனதும் பெரியம்மா என்ன பண்ணாங்க?

— சுவரைப் பாத்துப் படுத்துட்டாங்க.

— நாற்பது வருஷமா ஊருக்கே ஊட்டின கை. தன் வாய்க்கு ஒரு கரண்டி எடுக்கலை. உன்னைக் கட்டில்ல போட்டேன், எழுந்து வந்தாங்க. சொல்லு போ. சாகட்டும்.

— அதுக்காக மீசையை எடுக்கணுமா?

— மீசை இருந்தா அடையாளம் தெரியாதா? ஐயோ, பெரியம்மா செருப்புச் சத்தம். வாயைக் கோணு.

— எந்தப் பக்கம்?

— இடது. இடது!

— என்ன கண்ணு, தூங்கினியா?

— ங்ங.

— பேச்சு தெளியுது. தங்கம், சூப் ஆறிடுச்சா பாரு. வாட்ச்மேன் லீவு முடிஞ்சு வந்தானா?

— இன்னும் இல்லே, பெரியம்மா.

— பாவம். அவன் இருந்தா இவனைத் தூக்கிக் குளிப்பாட்ட ஒத்தாசையா இருக்கும்.

— பெரியம்மா, மறுபடியும் விருது குடுக்கணும்னு ஆள் வந்தாங்க. உங்க சேவைக்காம்.

— போன தடவை குடுத்த கேடயம் குளியலறைக் கதவுக்கு முட்டு. இன்னொரு கதவு காத்துல அடிக்குதா?

— சமையலறைக் கதவு அடிக்குது.

— அப்போ வாங்கிக்கலாம். போய் உப்பு எடுத்துட்டு வா. சூப்புல உப்பே இல்லே.

— இதோ.

— ம், வாயைத் திற கண்ணு.

— பெரியம்மா.

— என்ன?

— எனக்குப் பக்கவாதம் இல்லே. நான் வாட்ச்மேன்.

— தெரியும்டா. திங்கக்கிழமை இடது கை விழுந்திருந்தது. செவ்வாய்க்கிழமை வலது கை. இப்படி நாளுக்கு நாள் இடம் மாறுற பக்கவாதத்தை நான் பாத்ததே இல்லே.

— தெரிஞ்சுமா ஊட்டுறீங்க?

— வேற என்ன பண்ண? உன் பெண்டாட்டி கோவிச்சுட்டுப் போனதுல நீ சோறு தண்ணி இல்லாம வாசல் கேட் பக்கத்துல கிடந்தியே. நோயாளின்னு படுக்க வெச்சா வெட்கப்படாம சாப்பிடுவான், தெரியாத மாதிரி ஊட்டுங்கன்னு தங்கம்தான் சொன்னா.

— நானா பட்டினி கிடந்தேன்? பெண்டாட்டி போனது நிஜம். மூணு வேளையும் ஓட்டல்ல தின்னேன், சத்தியமா! நீங்கதானே சாப்பிடாம சுவரைப் பாத்துப் படுத்தீங்க?

— இடுப்புப் பிடிச்சுக்கிச்சுடா. அதுல வயித்துக்கும் பிடிக்கலை. எழுந்ததும் இல்லத்தை மூடிட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போகலாம்னு தங்கத்துகிட்ட பெட்டிகூட கட்டச் சொல்லிட்டேன்.

— நீங்க செத்துடுவீங்கன்னு அக்கா சொன்னாங்க.

— நீ செத்துடுவேன்னு என்கிட்ட சொன்னா.

— எதுக்கு?

— ஏன்டா, இந்த இடத்தை மூடினா நான் தங்கச்சிகிட்ட போவேன். நீ பெண்டாட்டி கால்ல போய் விழுவே. அவ?

— அக்காவுக்கு... யாரும் இல்லையே.

— பதினஞ்சு பேருக்கு ஆக்கின சட்டி. உனக்கு ஒரு கிண்ணம் சூப் வைக்கவும் அதைத்தான் அடுப்புல ஏத்துறா. சின்னது வாங்கிக்கோன்னேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா.

— நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு சொல்லிடலாமா?

— அறைவேன். கூனிக் குறுகிப் போயிடுவா.

— நான் எப்போ வீட்டுக்குப் போறது, பெரியம்மா?

— ஷ், வர்றா. கையைத் தொங்கப் போடு. அது இல்லே, இன்னொரு கை.

— உப்பு, பெரியம்மா. டப்பா அடியில ஒளிஞ்சிருந்தது. எப்படி இருக்கான்?

— காலும் விழுந்துடுச்சு, தங்கம். குணமாக ரொம்ப வருஷம் ஆகும்.